ரிப்போர்ட்தான் பிராக்டிஸ்: அமெரிக்காவில் சுயேச்சை மருத்துவ மதிப்பீட்டுத் தொழில்

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருஷம் நோயாளிகளைப் பார்த்துக் களைத்துப்போன டாக்டர்கள் பேசிக்கொள்ளும்போது ஐ.எம்.இ. (இன்டிபென்டன்ட் மெடிக்கல் எக்ஸாமினேஷன், அதாவது சுயேச்சை மருத்துவ மதிப்பீடு) என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ராத்திரி டியூட்டி கிடையாது, முன் அனுமதி கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் போனில் தொங்க வேண்டாம், ஒரு ஆளுக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், கட்டணமும் நன்றாக இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையில் முக்கால்வாசி, வக்கீல் அலுவலகங்களுக்கு எப்படிக் கடிதம் அனுப்புவது, எந்த மாநாட்டில் கார்டு கொடுப்பது என்கிற ரகம். அதெல்லாம் இரண்டாம் பட்சம் என்பேன். இந்தத் தொழிலில் நீங்கள் விற்பது எழுதிய ரிப்போர்ட் ஒன்றைத்தான். பணம் கொடுத்தவர் அதைப் படிப்பார், எதிர்த்தரப்பு வக்கீல் அவரைவிடக் கவனமாகப் படிப்பார், கடைசியில் ஒரு நீதிபதி படிப்பார். மூன்று பேரும் படித்த பிறகும் நிற்கிற ரிப்போர்ட்டை எழுதுகிறவருக்கு அடுத்த கேஸ் தானாக வரும்.

முதலில் இது என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். ஒருவருக்கு வேலையில் அடிபடுகிறது, அல்லது கார் விபத்து, அல்லது இனி வேலை செய்ய முடியாது என்று நீண்டகால இயலாமைக் காப்பீட்டில் பணம் கேட்கிறார். அவருக்குச் சிகிச்சை தரும் டாக்டர் ஒன்று சொல்கிறார், பணம் கொடுக்க வேண்டியவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு டாக்டர் அவரைப் பரிசோதித்து, பழைய ரெக்கார்டுகளைப் படித்து, எழுத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்கிறார். இந்தப் பாதிப்பு அந்தச் சம்பவத்தால் வந்ததா, இன்னும் சிகிச்சை தேவையா, இதற்கு மேல் குணமாகாத நிலைக்கு வந்துவிட்டதா, வேலைக்குத் திரும்பலாமா, நிரந்தரப் பாதிப்பு எத்தனை சதவீதம். மருந்து எழுதுவதில்லை, ஊசி போடுவதில்லை, மறுபடி வரச் சொல்வதும் இல்லை.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததல்ல. 1891-ல் யூனியன் பசிபிக் ரயில்வே எதிர் பாட்ஸ்ஃபோர்ட் வழக்கில், காயம்பட்டு வழக்குப் போட்ட ஒரு பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படச் சொல்லி உத்தரவிட கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1938-ல் அமலுக்கு வந்த கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 35-ஆவது விதி அந்தக் கதவைத் திறந்தது, 1941-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 1964-ல் ஷ்லாகன்ஹாஃப் எதிர் ஹோல்டர் தீர்ப்பில் இன்னொன்றையும் சேர்த்தது: அந்த உடல்நிலை உண்மையிலேயே வழக்கின் சர்ச்சைக்குள் இருக்க வேண்டும், தகுந்த காரணமும் காட்ட வேண்டும், வெறுமனே கேட்டால் கிடைக்காது. இன்னொரு பக்கம், 1911-ல் விஸ்கான்சினில் தொடங்கி மாநிலம் மாநிலமாகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கிறார், பதிலுக்கு யார் தப்பு என்று பார்க்காமல் சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்கிறது. யார் தப்பு என்ற கேள்வி போனதும், சண்டை எல்லாம் மருத்துவக் கேள்விகளின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் மதிப்பீட்டு வேலையில் பெரும்பங்கு அங்கேயிருந்துதான் வருகிறது.

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து தொழிலின் முகமே மாறிவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கலிபோர்னியாவில் மாநில அரசே தேர்வு வைத்துத் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர்களை நியமிக்கிறது. தகராறு வந்தால் மூன்று பேர் கொண்ட பட்டியல் போகும். தொழிலாளிக்கு வக்கீல் இருந்தால் ஆளுக்கு ஒரு பெயரை அடிப்பார்கள், மிஞ்சுகிறவர் பரிசோதிப்பார். ஆக, பெயர் பட்டியலில் வருவதற்கு விளம்பரம் வேண்டாம், அடிபடாமல் இருப்பதற்குத்தான் நல்ல பெயர் வேண்டும். நியூயார்க்கில் தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தின் அங்கீகாரம் தேவை. அங்கே ரிப்போர்ட்டைப் பரிசோதனை முடிந்து 10 வேலை நாட்களுக்குள், வாரியம், காப்பீட்டாளர், சிகிச்சை தரும் டாக்டர், தொழிலாளி, அவருடைய பிரதிநிதி என எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விதமாக அனுப்ப வேண்டும். பணம் கொடுத்தவருக்கு மட்டும் முன்கூட்டிக் காட்டிவிட்டு அப்புறம் மற்றவர்களுக்கு அனுப்புகிற பழக்கத்தை அடைக்கத்தான் இந்த விதி, நல்ல விதி. டெக்ஸஸில் மாநிலமே குறிப்பிட்ட டாக்டரை நியமிக்கிற முறை இருக்கிறது.

சதவீதம் போடும் புத்தகத்திலும் இதே கதைதான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நிரந்தரப் பாதிப்பு மதிப்பீட்டு வழிகாட்டி 1971-ல் முதல்முறை நூலாக வந்தது, ஆறாம் பதிப்பு 2008-ஐச் சேர்ந்தது. ஆனால் டெக்ஸஸ் இன்னும் நான்காம் பதிப்பில் நிற்கிறது, கலிபோர்னியா ஐந்தாம் பதிப்பில், கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கான திட்டம் 2009 மே முதல் ஆறாம் பதிப்பில். அதே முதுகு, அதே அறுவை சிகிச்சை, பதிப்பு மாறினால் எண் மாறும். எந்தப் பதிப்பு, எந்த அட்டவணை, எந்தப் பக்கம் என்று எழுதாமல் ஒரு சதவீதத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிற ரிப்போர்ட் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பாதிப்புச் சதவீதம் என்பது உடலில் எவ்வளவு செயல் குறைந்திருக்கிறது என்பதற்கான அளவு மட்டுமே, அவரால் வேலை செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. ஒரு விரல்நுனியை இழந்த கணக்காளரும் வயலின் கலைஞரும் புத்தகத்தின்படி ஒரே எண்தான் வாங்குவார்கள்.

சரி, நிற்கிற ரிப்போர்ட் என்றால் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கிடங்குத் தொழிலாளிக்குப் பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். எம்.ஆர்.ஐ.யில் இரண்டு இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. சிகிச்சை தரும் டாக்டர் "பெட்டி தூக்கியதால் டிஸ்க் பிதுங்கியது" என்று எழுதியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் தரப்பு "இது வயசுக்கோளாறு" என்கிறது. மதிப்பிடுகிற டாக்டர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வரியில் எழுதிவிட்டால் அது கருத்தே இல்லை. 1994-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி இல்லாதவர்களிடையே டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம் என்று வந்தது. ஆகவே படத்தில் பிதுக்கம் இருப்பதை வைத்து மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஆனால் இதே ஆய்வுகளைக் காட்டி "அப்படியானால் வலியும் வயசால்தான்" என்று தாவுகிறவர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள், திசை மட்டும் வேறு. சம்பவத்துக்கு முன் அவர் முதுகுக்காக டாக்டரைப் பார்த்தாரா, எத்தனை தடவை, வேலைக்கு லீவு போட்டாரா, சம்பவம் நடந்த அன்றைக்கே சொன்னாரா, வலி இறங்குகிற பாதையும் உணர்ச்சி குறைந்திருக்கிற இடமும் படத்தில் காண்கிற அந்த நரம்போடு பொருந்துகிறதா, பழைய எம்.ஆர்.ஐ. ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகத் தேதி போட்டு அடுக்கி, அதிலிருந்து முடிவுக்கு வந்த வழியை வாசிப்பவர் கூடவே நடந்து வரும்படி எழுத வேண்டும். முடிவு அவருக்குப் பிடிக்காமல் போகலாம், வழி புரிந்தாக வேண்டும்.

சட்டம் கேட்கும் நிச்சயமும் மருத்துவர்கள் பழகிய நிச்சயமும் வேறு வேறு. சிவில் விவகாரங்களிலும் தொழிலாளர் இழப்பீட்டிலும் பொதுவாகத் தேவைப்படுவது நியாயமான மருத்துவ நிகழ்தகவு, அதாவது இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே அதிக வாய்ப்பு, பாதிக்குக் கொஞ்சம் மேல். "இருக்கலாம்", "மறுக்க முடியாது" என்று மருத்துவமனைக் குறிப்பில் எழுதுகிற பழக்கம் கையோடு வந்தால் ரிப்போர்ட் பயன்படாது. அதே சமயம் பாதிக்கு மேல் போகவில்லை என்றால் போகவில்லை என்றே எழுத வேண்டும், அதுவும் முறையான பதில்தான்.

பாதிப்பைப் பங்கு பிரிப்பது இன்னும் சிக்கல். கலிபோர்னியாவில் நிரந்தரப் பாதிப்பில் எவ்வளவு வேலையால், எவ்வளவு வேறு காரணங்களால் என்று மருத்துவர் சொல்லியாக வேண்டும். பலர் "70 வேலை, 30 பழைய தேய்மானம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 2005-ல் எஸ்கோபெடோ எதிர் மார்ஷல்ஸ் வழக்கில் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு வாரியம் தெளிவாகச் சொன்னது: எப்படி, ஏன் என்று விளக்க வேண்டும். அந்தத் தேய்மானம் இன்றைய பாதிப்பை எந்த வழியில் உண்டாக்குகிறது, ஏன் 30, ஏன் 10 இல்லை. இதை எழுத உட்காரும்போதுதான் பல பேருக்குத் தாங்கள் போட்ட எண்ணுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று தெரியவரும். விளக்க முடியாத எண்ணை எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

நடிக்கிறாரா என்ற கேள்வி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ எப்போதும் கூடவே வரும். 1980-ல் கோர்டன் வாடல் குழுவினர் இடுப்புவலிக்காரர்களிடம் பார்க்க வேண்டிய ஐந்து வகை அறிகுறிகளை வெளியிட்டார்கள்: தோலை லேசாகத் தொட்டாலே வலி, உச்சந்தலையை அழுத்தினால் இடுப்பில் வலி, படுத்தபடி காலைத் தூக்கினால் வலி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்காரவைத்துக் காலை நீட்டினால் வலி இல்லை, இப்படி. இவற்றில் மூன்று வகை தென்பட்டால் கவனிக்கச் சொன்னார்கள். எதற்கு? உடலைத் தாண்டி மனநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு. அது நடிப்பைப் பிடிக்கும் சோதனை இல்லை என்று அவர்களே 1998-ல் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இருந்தும் இன்றைக்கும் "வாடல் பாசிட்டிவ், ஆகவே பொய்" என்று முடிக்கிற ரிப்போர்ட்டுகள் வருகின்றன. ஒரு மனிதரின் வருமானமும் சிகிச்சையும் தொங்கிக்கொண்டிருக்கிற காகிதத்தில் இப்படி எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. கண்டதை எழுதலாம். கைப்பிடி பலத்தை மூன்று முறை அளந்தபோது எண்கள் இவ்வளவு மாறின, பரிசோதனையின்போது இவ்வளவுதான் குனிந்தார், ஷூ போடும்போது இவ்வளவு குனிந்தார். பொருந்தவில்லை என்று சொல்வது உங்கள் வேலை. ஏன் பொருந்தவில்லை என்பதற்கு வலியின் பயம், மனச்சோர்வு, புரியாத அறிவுறுத்தல், வேண்டுமென்றே செய்வது என்று பல காரணங்கள் இருக்க முடியும், அந்த அறையில் இருந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஒரு பக்கத்துக்கே சாதகமாக எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கம் நிறைய வேலை தருமே என்று நினைக்கத் தோன்றும். கொஞ்ச நாள் தரும். வக்கீல்கள் பழைய சாட்சியங்களைச் சேர்த்து வைத்துப் பரிமாறிக்கொள்கிறார்கள். கூட்டாட்சி வழக்குகளில் 26-ஆவது விதியின்படி, வழக்குக்காக அமர்த்தப்பட்ட நிபுணர் முந்தைய நான்கு வருஷம் சாட்சி சொன்ன வழக்குகளின் பட்டியலையும் வாங்குகிற கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1993 டாபர்ட் தீர்ப்புக்குப் பிறகு நிபுணரின் கருத்து நம்பத்தகுந்த முறையில் வந்ததா என்று நீதிபதி முதலில் பார்க்கிறார், 2023 டிசம்பரில் 702-ஆவது சாட்சிய விதியைத் திருத்தி அதை இன்னும் இறுக்கினார்கள். ஒரு டாக்டர் எந்தக் கேஸிலும் எதிர்த்தரப்புக்கு ஒரு இம்மிகூடக் கொடுத்ததில்லை என்று தெரிந்துவிட்டால், அவரை அமர்த்துவதே வக்கீலுக்கு இழப்பு. கலிபோர்னியாவின் கட்டணப் பட்டியலில், இரு தரப்பும் ஒரு டாக்டரை நம்புவதற்கு ஒரு விலையே இருக்கிறது. அங்கே 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் முழு மதிப்பீட்டுக்கு 2,015 டாலர். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒத்துக்கொண்டு ஒரே டாக்டரைத் தேர்ந்தெடுத்தால் அதை 1.35-ஆல் பெருக்கிக் கொடுப்பார்கள், அதாவது 2,720 டாலருக்கு மேல். இரு தரப்பின் நம்பிக்கைக்கு 35 சதவீதம் கூடுதல். இதைவிட நல்ல வியாபாரத் திட்டம் எனக்குத் தெரியாது.

கட்டணம் பேச்சில் வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடலாம். நேரத்தைத் தின்பது பரிசோதனை அல்ல, ரெக்கார்டுதான். ஆயிரம் பக்கம் சாதாரணம். அதே பட்டியலில் முதல் 200 பக்கம் அடிப்படைக் கட்டணத்துக்குள், அதற்கு மேல் பக்கத்துக்கு 3 டாலர், ஆக ஆயிரம் பக்கக் கேஸில் 2,400 டாலர் கூடும். கட்டணத்தை அரசு நிர்ணயிக்காத இடங்களில் உங்கள் விலைப்பட்டியலை நீங்களே போட வேண்டும், அப்போது ரெக்கார்டுக்குத் தனி விலை, வராமல் போனவருக்கு ஒரு விலை, கடைசி நேர ரத்துக்கு ஒரு விலை, சாட்சியத்துக்கு முன்பணம் என்று எழுத்தில் இருக்கட்டும். வழக்கு ஜெயித்தால் இவ்வளவு என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள், முடிவைப் பொறுத்துச் சாட்சிக்குக் கூலி வாங்குவதை மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை தடுக்கிறது. கேஸ் பிடித்துக் கொடுக்கிற இடைத்தரகு நிறுவனங்கள் தொடக்கத்தில் உதவும். ஆள் வரச் செய்வது, ரெக்கார்டு அடுக்குவது, பில் போடுவது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பதிலுக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு போகும். உங்கள் ரிப்போர்ட்டில் அவர்கள் எழுத்துப்பிழை திருத்தலாம், விடுபட்ட கேள்வியைச் சுட்டிக்காட்டலாம். முடிவைக் கொஞ்சம் மாற்றி எழுத முடியுமா என்று கேட்டால் அன்றோடு அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். யார் தயாரித்தார்கள் என்ற கேள்வியும் விளையாட்டல்ல, கலிபோர்னியாவில் ரிப்போர்ட்டில் யார் யார் உதவினார்கள் என்று வெளியிட்டு, பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சொன்ன தேதிக்குக் கொடுப்பதும் முக்கியம். அங்கே கெடு 30 நாள், தவறினால் வேறு மதிப்பீட்டாளர்களின் பட்டியலைக் கேட்க இரு தரப்புக்கும் வழி இருக்கிறது. உங்கள் வழக்கமான தொழில்பிழைக் காப்பீடு இந்த வேலைக்கும் பொருந்துமா என்று முதல் கேஸுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைக்கு வருகிறவரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. அவர் உங்கள் நோயாளி இல்லை, ஆனால் விரும்பி வந்தவரும் இல்லை. வராவிட்டால் பணம் நின்றுவிடும் என்ற பயத்தில் வருகிறார். உங்களை எதிரி என்று நினைத்துக்கொண்டே வருகிறார். ஆகவே உள்ளே வந்ததும், நான் யார், யார் அனுப்பினார்கள், இங்கே சிகிச்சை கிடையாது, நீங்கள் சொல்வது ரிப்போர்ட்டில் போகும், வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மிச்சிகனில் 2004-ல் முடிந்த டையர் எதிர் ட்ராக்ட்மன் வழக்கு இந்த இடத்தைத் தொடுகிறது. தோளில் அறுவை சிகிச்சை ஆனவர், தான் சொல்லியும் கேட்காமல் டாக்டர் கையைப் பலமாகத் திருப்பியதால் தோள் மூட்டின் குருத்தெலும்பு விளிம்பு பிய்ந்துபோனது என்று வழக்குப் போட்டார். மதிப்பிடுகிற டாக்டருக்கும் அவருக்கும் இடையே வரம்புக்குட்பட்ட ஓர் உறவு உண்டு, பரிசோதனையில் தீங்கு செய்யாமலிருக்கும் கடமை உண்டு என்றது மாநில உச்ச நீதிமன்றம். மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது: பரிசோதனையில் அவர் அறிய வேண்டிய முக்கியமான உடல்நலப் பிரச்சினை தெரிந்தால் அவரிடம் சொல்ல வேண்டும். முழங்காலைப் பார்க்க வந்தவருக்கு ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தால், அது ரிப்போர்ட்டின் கேள்வி இல்லை என்று விட்டுவிட முடியாது. அப்புறம் நேரம். ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு இருபது பக்கம் எழுதுகிறவர்களைப் பற்றி வருகிற புகார்கள் இந்தத் துறைக்கே கெட்ட பெயர். கலிபோர்னியாவில் எலும்பு-தசைக் கேஸுக்கு நேருக்கு நேர் குறைந்தது 20 நிமிஷம், மனநலக் கேஸுக்கு ஒரு மணி என்று விதி போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் பரிசோதனைக்கு வருகிறவர் தன்னோடு ஒருவரை அழைத்து வரலாம், வீடியோவும் எடுக்கலாம். கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறவருக்கு இதில் கஷ்டம் ஒன்றுமில்லை.

கிளினிக்கை மூடிவிட்டு முழுநேரமாக இதற்கு வரலாமா என்றும் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். கலிபோர்னியாவில் நியமனம் கேட்பதற்கே, நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நேரடிச் சிகிச்சையில் செலவழித்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 12 மாதத்தில் எட்டு தடவையாவது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட மதிப்பீட்டாளராக இருந்திருக்க வேண்டும். விதி இல்லாத இடத்திலும் "டாக்டர், கடைசியாக எப்போது ஒரு நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தீர்கள்?" என்ற கேள்வி குறுக்கு விசாரணையில் வந்தே தீரும். அதோடு சேர்ந்து வருவது, உங்கள் வருமானத்தில் எத்தனை சதவீதம் இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து வருகிறது என்பது. ஞாபகத்திலிருந்து சொல்லித் தடுமாறாதீர்கள். முதல் கேஸிலிருந்தே ஒரு கணக்கு வையுங்கள்: தேதி, அனுப்பியவர், எந்தத் தரப்பு, கட்டணம், சாட்சியம் சொன்னீர்களா, முடிவு அனுப்பியவருக்குச் சாதகமா பாதகமா. முடிவு என்ற இடத்தில் "பாதகம்" என்று அவ்வப்போது எழுத வேண்டியிருந்தால் அந்தக் கணக்கை எந்த வக்கீல் முன்னாலும் விரித்து வைக்கலாம். வருஷம் முடிந்து பார்க்கையில் அப்படி ஒன்றுகூட இல்லை என்றால், அடுத்த கேஸை எடுப்பதற்கு முன் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீல் படிப்பதுபோலப் படித்துப் பாருங்கள்.